வளர்ந்த மரத்தைப் பெயர்த்து நடுதல்: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கங்களில் பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போதும், பின்கட்டை ஒட்டிப் புதிதாக ஓர் அறை எழுப்பும்போதும், தெருவை அகலப்படுத்தும்போதும், ஒரு மரம் குறுக்கே நிற்பது வழக்கமாக நேர்கிறது. அதை வெட்ட மனம் வராமல், பெயர்த்து வேறிடத்தில் நட முடியுமா என்று கேட்டு வருபவர்களுக்குப் பல ஆண்டுகளாக நான் சொல்லிவந்த விடைகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இவை இந்த வட்டாரத்துச் செம்மண்ணிலும், செம்பூராங்கல் என்னும் சிவந்த கெட்டிக் கல் தரையிலும் வேலை செய்து பார்த்தவை.

வளர்ந்த மரத்தை உண்மையிலேயே இடம் மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் கிரேன் வந்து மரத்தைத் தூக்கும் அந்த ஒரு நாளை மட்டுமே வேலை என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் மரத்தை இழக்கிறார்கள். தூக்குவதற்கு 3, 4 மாதங்களுக்கு முன்பே வேரை ஆயத்தப்படுத்துவதும், நட்ட பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் தண்ணீர் தவறாமல் பார்த்துக்கொள்வதும்தான் மரத்தைப் பிழைக்க வைக்கின்றன. இதற்குக் காரணம் எளியது. ஒரு மரத்தின் சல்லிவேர்களில் பெரும்பகுதி தரையின் மேல் 30 சென்டிமீட்டரிலேயே இருக்கிறது. அவை கிளைகளின் நிழலையும் தாண்டி வெகுதூரம் பரவியிருக்கின்றன. நீரை உறிஞ்சுவது இந்தச் சல்லிவேர்கள்தான். மரத்தைத் தாய்மண்ணோடு பெயர்க்கும்போது அவற்றில் மிகச் சிறிய பங்கு மட்டுமே வேரைச் சுற்றிய மண்கட்டிக்குள் வருகிறது, மீதியெல்லாம் பழைய இடத்திலேயே அறுபட்டுக் கிடக்கிறது. நேற்றுவரை நூறு வாயால் குடித்த மரம் இன்று பத்து வாயால் குடிக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பின்னால் வரும் எல்லா அறிவுரைகளுக்கும் பொருள் விளங்கிவிடும்.

எந்தெந்த மரங்கள் தாங்கும்?

ஆல், அரசு, அத்தி வகைகள் மிக எளிதில் வேர்விடுபவை. பூவரசும் அப்படித்தான்; போத்து ஒடித்து நட்டாலே துளிர்க்கும் மரம், வேரோடு பெயர்த்தால் தாங்காமல் போவது அரிது. தூங்குமூஞ்சி, புங்கை ஆகியவையும் ஒத்துழைக்கின்றன. வேம்பு நடுத்தரம்: இளமரமாக இருந்தால் நம்பிப் பெயர்க்கலாம், ஒருவர் கட்டிப்பிடிக்கும் பருமன் தாண்டிவிட்டால் துணிவு குறைய வேண்டும். புளி, இலுப்பை, நாவல், விதையில் முளைத்த மா ஆகியவை ஆழமாக வேரோடியவை. முன்னேற்பாடு முழுமையாக இல்லாமல் இவற்றைத் தொடுவது சரியன்று. பலா வேரை அசைத்தால் பொறுக்காத மரம். வளர்ந்த பலாவைப் பெயர்த்துத் தரச் சொல்லிக் கேட்பவர்களிடம் நான் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறேன்.

இனத்தைவிட வயதும் உடல்நலமும் முக்கியம். தண்டில் பொந்து விழுந்த, அடியில் காளான் கண்ட, உச்சிக்கிளைகள் காய்ந்துபோன மரம் எந்த இனமானாலும் பயணத்தைத் தாங்காது. ஒரே இனத்தில் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரம், 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்தைவிடப் பன்மடங்கு விரைவில் புதிய மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்.

பெயர்க்காமலே இருந்துவிட வழி உண்டா?

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். கானாடுகாத்தானில் ஒரு வீட்டில், பின்கட்டுச் சுவரிலிருந்து ஏழடி தள்ளி நின்ற வேம்பைப் பெயர்க்க என்னை அழைத்திருந்தார்கள். வீட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்தபடி, “தம்பி, எங்க அப்பச்சி வச்ச மரம். நகத்தணும்னா நகத்துங்க, ஆனா சாகக் கூடாது” என்றார்கள். அளந்து பார்த்தால், கட்டப்போகும் குளியலறையை நாலடி தள்ளி வரைந்தாலே போதும் என்று தெரிந்தது. வரைபடம் மாறியது, மரம் அங்கேயே நிற்கிறது. கட்டடத்தை நகர்த்துவது தாளில் ஒரு கோட்டை நகர்த்துவதுதான். அஸ்திவாரத் தோண்டலைத் தண்டிலிருந்து தள்ளி வைப்பதும், வேர் ஓடும் தரையில் மணலும் ஜல்லியும் கொட்டாமல் இருப்பதும் பல மரங்களைக் காப்பாற்றிவிடும்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் பொதுவான மரமென்றால் சிக்கல் குறைவு. வீட்டு வாசலில் நின்றாலும் தெருவிலோ புறம்போக்கிலோ வேரூன்றிய மரம் அரசுக்கு உரியது. அதைத் தொடுவதற்கு முன் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சந்தன மரம் சொந்த நிலத்தில் இருந்தாலும் வனத்துறையைக் கேட்க வேண்டும். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. பெயர்ப்பதாக இருந்தாலும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வழியில் மின்கம்பி குறுக்கிட்டால் மின்வாரியத்திடம் முன்கூட்டியே நாளும் நேரமும் சொல்லிவிட வேண்டும். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அவை பறக்கும்வரை காத்திருங்கள்.

எந்த மாதத்தில் பெயர்ப்பது நல்லது?

நம் பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதில் மற்றப் பருவங்களைவிடக் கூடுதலான பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவது. ஆகவே புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ நட்டுவிட்டால், மரத்துக்கு முன்னால் மூன்று மாதக் குளிர்ச்சியும் ஈரமும் இருக்கும். தை, மாசிக்குள் புது வேர் ஓரளவு ஓடிவிடும், பிறகு வரும் வெயிலை அது ஓரளவு எதிர்கொள்ளும். பங்குனி முதல் வைகாசி வரை பெயர்ப்பது மரத்தைக் கொல்வதற்கு ஒப்பானது. அம்மியே பறக்கும் ஆடிக் காற்றில், அறுபட்ட வேரோடு நிற்கும் மரம் ஆடிக்கொண்டே இருந்தால் புதிதாக வரும் வேர் நுனிகள் ஒடிந்துபோகும். அடைமழையின் நடுவிலும் வேண்டாம். சேறாகிப் போன மண் கட்டியாக நிற்காது, தூக்கும்போது பொலபொலவென்று கொட்டிவிடும்.

முன்கூட்டியே வேரை வெட்டி வைப்பது என்றால் என்ன? அது கட்டாயமா?

தண்டின் விட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எந்த மரத்துக்கும் நான் இதைக் கட்டாயம் என்பேன். பிற்பாடு தூக்கப்போகும் மண்கட்டியின் எல்லைக்கு ஒரு சாண் உள்ளே, மரத்தைச் சுற்றி வட்டம் போட்டு அதை ஆறு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆனி மாதத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று துண்டுகளில் மட்டும் ஓரடி அகலத்துக்கும் இரண்டரை அடி ஆழத்துக்கும் அகழி தோண்டி, குறுக்கிடும் வேர்களை வெட்ட வேண்டும். மீதி மூன்று துண்டுகளை ஆறு வாரம் கழித்து, ஆடிக் கடைசியில் தோண்ட வேண்டும். இப்படிச் செய்வதால் மரம் எந்த நேரத்திலும் பாதி வேரையாவது வைத்துக்கொண்டு உயிர்வாழ்கிறது, வெட்டிய பாதியில் புதிய வேர் கிளைக்கவும் காலம் கிடைக்கிறது. இந்த வட்டத்துக்குள் பிறக்கும் புதுவேர்கள்தான் மரத்தோடு பயணம் செய்யப்போகின்றன.

வெட்டுவதில் கவனம் தேவை. ஜேசிபியின் வாளி வேரை அறுப்பதில்லை, இழுத்துப் பிய்க்கிறது. அந்தக் கிழிசல் தண்டை நோக்கி உள்ளே போய் அழுகலுக்கு வழி திறக்கிறது. மண்ணை மேலோட்டமாக அள்ள மட்டும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, விரல் பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு வேரையும் கூரிய வாளால் நேராக அறுங்கள். பிறகு அகழியை மக்கிய தொழுவுரமும் இலைமக்கும் கலந்த தளர்வான மண்ணால் நிரப்பி, தொடர்ந்து ஈரமாக வைத்திருக்க வேண்டும். ஆடிக் காற்றுக்கு மரம் சாயாதபடி மூன்று பக்கமும் கயிறு கட்டி வைக்க மறக்க வேண்டாம்.

ஆறு வாரம் கழித்து அகழியின் ஒரு மூலையை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். அறுத்த வேரின் ஓரத்தில் வளையம்போலத் தழும்பு கட்டியிருக்கும். அதிலிருந்து அரிசி நிறத்தில், தீக்குச்சி நீளத்தில், நுனி சற்றே கண்ணாடிபோலத் தெரியும் வேர்கள் கொத்தாகக் கிளம்பியிருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் நான் கிரேனுக்கு நாள் சொல்வேன். அப்படி ஒன்றும் தெரியாவிட்டால் அந்த ஆண்டு மரத்தைத் தூக்குவதில்லை.

மண்கட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தண்டைச் சுற்றி ஒரு கயிற்றைப் பிடித்து, அந்தச் சுற்றளவைப் போல மூன்று மடங்கு எடுத்துக்கொண்டால் அதுவே மண்கட்டியின் குறைந்த அளவு விட்டம். தண்டின் விட்டத்தைப் போல ஏறத்தாழ 10 மடங்கு என்று நூல்கள் சொல்லும் கணக்கும் இதுதான். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு 2 மீட்டர் விட்டக் கட்டி வேண்டும். ஆழம் 75 முதல் 90 சென்டிமீட்டர் போதும். அதற்குக் கீழே வேர் குறைவு, எடைதான் கூடும்.

எடையைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஈரமண் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1.8 டன் இருக்கும். 2 மீட்டர் விட்டமும் 80 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள கட்டி, மரத்தைச் சேர்க்காமலே 4.5 டன்னை எட்டும். கிரேன்காரரிடம் மரத்தின் உயரத்தை மட்டும் சொல்லாமல் இந்தக் கணக்கையும் சொல்லுங்கள். செலவைக் குறைப்பதற்காகக் கட்டியைச் சிறிதாக்குவது பொய்யான சிக்கனம்.

கிளைகளை எவ்வளவு கழிக்க வேண்டும்? முழுவதும் மொட்டையடிப்பது வழக்கமாயிற்றே?

வழக்கம்தான், ஆனால் எல்லா மரத்துக்கும் பொருந்தாத வழக்கம். இலை நீரை இழக்கிறது என்பது உண்மை. அதே இலைதான் உணவைச் சமைத்து, வேர் வளரத் தூண்டும் பொருளையும் கீழே அனுப்புகிறது. இலையே இல்லாத மரம், சேமித்து வைத்த மாவுச்சத்தைக் கரைத்துத்தான் துளிரையும் வேரையும் ஒருங்கே உண்டாக்க வேண்டும். ஆல், அரசு, தூங்குமூஞ்சி போன்றவை அந்தச் சுமையைத் தாங்குகின்றன. வேம்பு, மகிழம், மா போன்றவற்றில் காய்ந்த, முறிந்த, ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும், வண்டியில் ஏற்ற இடைஞ்சலான சிலவற்றையும் மட்டும் நீக்கி, மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. உச்சியை வெட்டுவது எதற்கும் நல்லதன்று. கிளையை, அது தண்டோடு சேருமிடத்தில் புடைத்திருக்கும் கழுத்தை ஒட்டி, முளை நீட்டிக்கொண்டிருக்காதபடி அறுக்க வேண்டும்.

பெரிய வெட்டுவாய்களில் பூசணத்தைத் தடுக்கும் போர்டோ பசை தடவலாம்: மயில்துத்தம் (தாமிர சல்பேட்) 1 கிலோ, நீற்றாத சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். இரும்புப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது, பிளாஸ்டிக் வாளியோ மண்சட்டியோ போதும்.

பெயர்க்கும் நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு மூன்று நாள் முன்னதாகவே நன்றாகத் தண்ணீர் பாய்ச்சிவிடுங்கள். நம் சரளைச் செம்மண் உலர்ந்திருந்தால் கட்டி நிற்காமல் உதிரும். தண்டின் வடக்குப் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வையுங்கள், புதிய இடத்திலும் அந்தக் கோடு வடக்கைப் பார்க்க வேண்டும். இத்தனை ஆண்டு நிழலில் இருந்த பட்டை திடீரென்று மேற்கு வெயிலைப் பார்த்தால் வெந்து வெடித்துவிடும். கட்டியைச் செதுக்கி உருவாக்கியதும் ஈரச் சாக்கைச் சுற்றி, அதன்மேல் கோழிவலையைப் போர்த்தித் தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். அதன் பிறகே அடிவேரை அறுக்க வேண்டும்.

தூக்கும் பெல்ட் கட்டியின் அடியில் போக வேண்டும். தண்டில் சங்கிலி போட்டுத் தூக்கினால் 4 டன் எடை முழுவதும் பட்டைமேல் விழும். பட்டையின் உட்புறமும் அதற்கு அடியில் இருக்கும் மெல்லிய வளர்படலமும் நசுங்கிவிட்டால் இலை சமைத்த உணவு வேருக்கு இறங்காது; அந்தக் காயம் அன்றைக்குத் தெரியாது, ஆறு மாதம் கழித்துத் தெரியும். தண்டில் கட்டும் கயிறு சாயாமல் பிடிக்க மட்டுமே, அங்கும் சாக்கை மடித்துச் சுற்றிக் கட்டுங்கள். வண்டி ஓடும்போது வீசும் காற்றே இலையைக் காயவைத்துவிடும். அதனால் மாலை சாய்ந்த பிறகு, இலைப்பகுதியை ஈரச் சாக்காலோ நிழல்வலையாலோ மூடி எடுத்துச் செல்வது நல்லது. புதிய குழி அன்று காலையிலேயே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

குழியை எப்படித் தோண்ட வேண்டும்?

அகலம் கட்டியைப் போல இரண்டு மடங்கு, முடிந்தால் இரண்டரை மடங்கு. ஆழம் கட்டியின் உயரத்துக்கு மேல் ஒரு விரலும் வேண்டாம். ஆழமாகத் தோண்டி மண்ணை நிரப்பி அதன்மேல் வைத்தால் நாளடைவில் மரம் கீழே இறங்கிவிடும். தூர் விரிந்து வேராக மாறும் இடம் தரைமட்டத்துக்குச் சமமாகவோ இரண்டு விரற்கடை மேலாகவோ கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதைப் புதைத்துவிட்டால் பட்டை அழுகும். தோண்டியெடுத்த அதே மண்ணையே பெரும்பாலும் திருப்பிப் போடுங்கள். சிறிது கரம்பை என்னும் கண்மாய் வண்டலோ தொழுவுரமோ சேர்க்கலாம். குழிக்குள் மட்டும் உரச்செழிப்பான மண்ணைக் கொட்டினால் வேர் அந்த வட்டத்தைவிட்டு வெளியே போக விரும்பாது.

இனிமேல் சொல்வது செட்டிநாட்டுக்கே உரியது. இங்கே ஓரிரண்டு அடிச் செம்மண்ணுக்குக் கீழே பல இடங்களில் செம்பூராங்கல் பாறைபோலப் படிந்திருக்கிறது. நான் முதன்முதலாகத் தனியாகப் பொறுப்பேற்று நட்ட மரம் ஒரு மகிழம். கடப்பாரையால் செம்பூராங்கல்லை உடைத்துக் குழி செய்தோம், பக்கங்கள் கிணற்றுச் சுவர்போல வழவழப்பாக நின்றன. அழகான குழி என்று மகிழ்ந்தேன். மூன்றாம் மாதம் இலை பழுத்தது. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஊற்றச் சொன்னேன். இலை மேலும் பழுத்தது. ஒரு பக்கம் தோண்டிப் பார்த்தபோது புளித்த நாற்றம் மூக்கில் ஏறியது; வேரை விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கையோடு வந்தது, உள்ளே கறுத்த நரம்புதான் மிஞ்சியது. அந்தக் குழி தண்ணீர் இறங்க வழியில்லாத தொட்டியாகிவிட்டிருந்தது. அந்த மரத்தைக் காப்பாற்ற முடியவில்லை என்ற வருத்தம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

அன்றிலிருந்து எந்தக் குழியையும் சோதிக்காமல் நடுவதில்லை. குழியின் நடுவில் ஓரடி ஆழச் சிறுகுழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, ஒருமுறை வற்றவிட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் நல்ல இடம். ஒரு நாள் முழுவதும் தேங்கி நின்றால் வேறிடம் பாருங்கள். வேறிடமே இல்லையென்றால் கல்லடுக்கின் கீழ்வரை கடப்பாரையால் நாலைந்து துளை போட்டு, பக்கச் சுவர்களைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கட்டியில் மூன்றில் ஒரு பங்கு தரைக்கு மேலே நிற்குமாறு மேடாக்கி நடலாம்.

பழைய வீட்டை ஒட்டி நடும்போது இலை மஞ்சளாவது ஏன்?

நம் ஊர் வீடுகளில் சுண்ணாம்புச் சாந்தும் பூச்சும் தாராளமாகப் பயன்பட்டிருக்கின்றன. இடித்த காரை சுவரோரம் புதைந்து கிடக்கும் மண் காரத்தன்மை கூடி, இரும்புச்சத்தை வேர் எடுக்க விடாது. அதற்கு அடையாளம் இளந்தளிர் மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் தெரிவது. வெண்காரைத் துண்டுகள் கண்ணில் படும் இடத்தில் அந்த மண்ணை முழுவதும் அப்புறப்படுத்திவிட்டு வேறு செம்மண் கொண்டுவந்து போடுங்கள். நட்ட பிறகு கண்டால், லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலைமேல் தெளிப்பது தற்காலிகமாக உதவும்.

கட்டியிருந்த சாக்கையும் வலையையும் என்ன செய்வது?

மரம் குழியில் நேராக நின்றதும் மேல் பாதியிலுள்ள சாக்கு, வலை, கயிறு எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுங்கள். அடியில் சிக்கிய சணல்சாக்கு மக்கிவிடும். பிளாஸ்டிக் சாக்கு என்றால் ஒரு துண்டும் உள்ளே இருக்கக் கூடாது.

முட்டு எத்தனை நாள் வேண்டும்?

மூன்று திசையில் கயிறோ கம்பியோ இழுத்துக் கட்டி, தண்டைத் தொடும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபையோ ரப்பர் குழாயையோ மாட்டுங்கள். மண்கட்டி அசையக் கூடாது, தண்டு காற்றில் சற்றே ஆடலாம். அந்த ஆட்டம் தண்டை உறுதியாக்கும். ஓராண்டுக்குப் பின் அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்க்க மறந்த கம்பி பட்டைக்குள் புதைந்து மரத்தைக் கழுத்தை நெரிப்பதைக் காரைக்குடித் தெருக்களிலேயே பார்க்கலாம்.

தண்ணீர் எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

மரம் பிழைப்பதும் போவதும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. நினைவில் வைக்க எளிய கணக்கு ஒன்று: தண்டின் விட்டம் எத்தனை சென்டிமீட்டரோ, வாரத்துக்கு அத்தனை குடம். ஒரு குடத்துக்கு 15 லிட்டர் என்று கொண்டால், 20 சென்டிமீட்டர் மரத்துக்கு வாரம் 20 குடம், அதாவது 300 லிட்டர். முதல் மாதத்தில் இதை இரண்டு நாளுக்கு ஒருமுறையாகப் பிரித்து ஊற்றலாம். பிறகு வாரம் இருமுறை, ஓராண்டுக்குப் பின் வாரம் ஒருமுறை. நல்ல மழை பெய்த வாரத்தில் நிறுத்திவிடுங்கள். பங்குனி, சித்திரையில் கூட்டிக்கொள்ளுங்கள்.

எண்ணை நம்புவதைவிட விரலை நம்புங்கள். மண்கட்டியிலேயே, தூரிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடிக்க வந்து கையில் நீர் ஒட்டாவிட்டால் ஈரம் சரி. உதிர்ந்தால் ஊற்ற வேண்டும், பிசுபிசுத்தால் பொறுக்க வேண்டும். சுற்றியுள்ள மண் ஈரமாக இருந்தும் கட்டி மட்டும் உள்ளே காய்ந்துபோவது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் முதல் மாதங்களில் வேர் குடிப்பது கட்டியிலிருந்து மட்டும்தான். அதனால் தண்ணீர் கட்டியின்மேலேயே இறங்கும்படி அதன் விளிம்பில் அரையடி உயர வரப்பு கட்டுங்கள். குழாயை மெல்லத் திறந்து ஒரு மணி நேரம் விடுவது, வாளியால் ஒரே மூச்சில் கொட்டுவதைவிட நல்லது. ஆழ்துளைக் கிணற்று நீர் வற்றிய தரையில் வெள்ளையாக உப்புப் படிந்தால், மாதம் ஒருமுறையாவது நல்ல நீரைத் தாராளமாகப் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்க வேண்டும்.

மூடாக்கு போடலாமா?

கட்டாயம் போடுங்கள். சருகு, தேங்காய் மட்டை, வைக்கோல் எதுவானாலும் மூன்று அங்குலக் கனம் போதும். தண்டைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் கரையான் ஏறும்.

உரம் எப்போது?

முதல் ஆண்டில் யூரியா போன்ற தழைச்சத்து உரம் வேண்டாம். அது இலையைத் தள்ளும், அந்த இலைக்கு நீர் கொடுக்க வேர் இருக்காது. மக்கிய தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்து கட்டியைச் சுற்றித் தூவலாம், வேர் அழுகல் பூசணத்தை அது அடக்கும். நடும்போது, வேருக்குத் துணையாக வாழும் வேம் (VAM) என்ற வேர்ப்பூசணத்தையும் வேரோரம் இடலாம். இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் புதுத்துளிர் தெளிவாக நீண்ட பிறகு உரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

இலையெல்லாம் கொட்டிவிட்டது. மரம் போய்விட்டதா?

அவசரப்பட வேண்டாம். இலையுதிர்ப்பது மரம் தன் செலவைக் குறைத்துக்கொள்ளும் வழி. ஒரு சிறு கிளையில் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. நுனியில் பழுப்பாக இருந்தால் கீழே கீழே சுரண்டிக்கொண்டு வாருங்கள், பச்சை தொடங்கும் இடம்வரை காய்ந்ததை வெட்டுங்கள். காய்ந்த இலை உதிராமல் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதுதான் கவலைக்குரிய அறிகுறி. இலையை உதிர்ப்பதற்கே மரத்துக்கு உயிர் வேண்டும். வேம்பு மாசியில் இயல்பாகவே இலையுதிர்க்கும், அதைப் பார்த்துப் பதறி அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றியவர்கள் உண்டு.

பூச்சிகளுக்கு என்ன செய்வது?

தளர்ந்த மரத்தைத் துளைப்பான்கள் தேடி வருகின்றன. மாதம் இருமுறை தண்டைச் சுற்றிப் பாருங்கள்: மரத்தூள் தூவியதுபோலக் கிடந்தாலும், பிசின் வடிந்தாலும், மண்ணால் கரையான் கோடு ஏறினாலும் உடனே கவனியுங்கள். கரையான் மண்ணைத் தட்டிவிட்டு வேப்பம்பிண்ணாக்கை அடியில் இடுவது தொடக்க நிலைக்குப் போதும். இலை மறைவு குறைந்த தண்டில் மேற்கு வெயில் படாமல் இருக்கச் சுண்ணாம்பு அடிக்கலாம். வெடித்த பட்டைதான் துளைப்பானுக்கு வாசல்.

தென்னையும் பனையும் இதே முறைதானா?

இல்லை. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, தூரிலிருந்து புதிது புதிதாக வேர் கிளம்பிக்கொண்டே இருக்கும். அறுபட்ட வேர்களில் ஏறத்தாழப் பாதி மீண்டும் கிளைக்கும், அது எவ்வளவு நீளமாக விட்டு அறுத்தோம் என்பதைப் பொறுத்ததன்று. ஆகவே மூன்று நான்கு மாதங்களை வேர்வெட்டில் செலவிட வேண்டியதில்லை, சிறிய கட்டியும் போதும். ஆனால் உயிர் முழுவதும் ஒரே குருத்தில் இருக்கிறது. அது ஒடிந்தால் மரமே இல்லை. கீழ்மட்டைகளைக் கழித்து, மீதியை மேல்நோக்கிச் சேர்த்துத் தளர்வாகக் கட்டி, குருத்துக்கு இருபுறமும் மூங்கில் வைத்துப் பிடியுங்கள். பெயர்த்த தென்னையைக் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் விரும்பி வரும். மட்டை இடுக்குகளில் மூன்று அந்துருண்டைகளை வைத்து மணலால் மூடி, 45 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தண்டில் ஆணியோ அரிவாள் கொத்தோ பட விடாதீர்கள்; தென்னையில் காயம் ஆறி மூடாது.

வளர்ந்த பனையைப் பெயர்ப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. அதே செலவில் கண்மாய்க் கரையில் சில நூறு பனங்கொட்டைகளை ஊன்றலாம்.

எத்தனை ஆண்டில் மரம் தானாக நிற்கும்?

குளிர்நாடுகளில் தண்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஓராண்டு என்று கணக்கிடுவார்கள். ஆண்டு முழுவதும் வளர்ச்சி நிற்காத வெப்பப் பகுதிகளில் இது சில மாதங்களாகக் குறைகிறது. 20 சென்டிமீட்டர் மரத்துக்கு நம் ஊரில் இரண்டு முதல் மூன்று ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் துளிரைக் கண்டதும் பிழைத்துவிட்டது என்று தண்ணீரை நிறுத்துவதுதான் நான் பார்த்த இழப்புகளில் மிகப் பொதுவானது. அந்தத் துளிர் தண்டில் சேமித்திருந்த உணவில் வந்ததாக இருக்கலாம். இரண்டாம் ஆண்டுத் துளிர் முதலாண்டைவிட நீளமாக இருக்கிறதா என்று ஒரு கிளையில் நூல் கட்டி அளந்து வையுங்கள். நீண்டிருந்து, மூன்றாம் கோடையில் இரண்டு வாரம் தண்ணீர் இல்லாமலும் இலை வாடாமல் நின்றால், சுற்றிலும் கட்டிய வரப்பைக் கலைத்து மண்ணைச் சமன்செய்துவிடலாம்.